பத்து மணிக்குப் பாட்டு நின்றுவிடும். கூட்டம் எங்கே போகும்?

2023 செப்டம்பர் 10 இரவு, சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரைச் சுற்றி வாகனங்கள் மணிக்கணக்கில் நின்றன. ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி அன்றைக்கு. ஆகஸ்ட் 12-ல் நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் நுழைவாயிலைத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். உள்ளே போனவர்களில் பலர் தங்களுக்குரிய பகுதியை நெருங்கவே முடியவில்லை. நெரிசலில் அத்துமீறல் நடந்ததாகப் பெண்கள் சமூக ஊடகங்களில் எழுதினார்கள். குழந்தைகளுடன் வந்தவர்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியேற வழி தேடினார்கள். முதலமைச்சரின் வாகனம்கூட அந்தச் சாலை நெரிசலில் சிக்கியது. பிறகு எல்லாம் வழக்கம்போல நடந்தன: நடத்திய நிறுவனத்தின் மன்னிப்பு, காவல் துறை விசாரணை, அதிகாரிகள் இடமாற்றம், பணத்தைத் திருப்பித் தருவதற்கான அறிவிப்பு.

அதே ஆண்டு ஏப்ரல் 30-ல் புனே நகரில் அதே ரஹ்மானின் திறந்தவெளி நிகழ்ச்சி. இரவு 10 மணியைத் தாண்டியதும் காவல் துறையினர் மேடைக்கே வந்து நிறுத்தச் சொன்னார்கள்; நிகழ்ச்சி நின்றது. ரசிகர்கள் கொதித்தார்கள். சட்டப்படி காவல் துறை செய்தது சரி.

இந்த இரண்டு சம்பவங்களையும் நாம் தனித்தனியாகவே பேசிவருகிறோம். பனையூர் கூட்டப் பிரச்சினை, புனே சத்தப் பிரச்சினை என்று. அனுமதி கொடுக்கும் கோப்புகளிலும் அப்படித்தான்: கூட்டத்துக்குப் பாதுகாப்பு என்று ஒரு தாள், ஒலிபெருக்கிக்கு அனுமதி என்று இன்னொரு தாள். ஒன்றில் கையெழுத்திடுபவர் மற்றதைப் பார்ப்பதில்லை. என் வாதம் இதுதான்: இரண்டும் ஒரே பிரச்சினை. வாசலில் ஏற்படும் தாமதம்தான் இரவில் அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைப் பறிக்கிறது. மணியடித்தாற்போல் பத்து மணிக்கு நிறுத்தும் உத்தரவு, வெளியேறும் வழியைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால், ஆயிரக்கணக்கானோரை ஒரே நிமிடத்தில் ஒரே வாசலுக்குத் தள்ளுகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத் திட்டமிடாதவரை பனையூரும் புனேயும் மாறிமாறி வந்துகொண்டேதான் இருக்கும்.

வாசலிலிருந்து தொடங்குவோம். பிரிட்டனில் விளையாட்டு அரங்குகளுக்கான பாதுகாப்புக் கையேடு ஒரு கணக்கைச் சொல்கிறது. ஒரு நுழைவுத் தடத்தில் எல்லாம் சரியாக நடந்தாலும் மணிக்கு 660 பேருக்கு மேல் உள்ளே அனுப்ப முடியும் என்று எண்ணக் கூடாது. 20,000 பேரை இரண்டு மணி நேரத்தில் உள்ளே விட வேண்டுமென்றால் குறைந்தது 16 தடங்கள் வேண்டும். பையைத் திறந்து பார்த்து, உடலைத் தடவிச் சோதித்து அனுப்பும் நம் ஊர் முறையில் வேகம் பாதியாகிவிட்டால், தடங்களின் எண்ணிக்கையை இரட்டிக்க வேண்டும். இதோடு இன்னொன்று: டிக்கெட் இப்போது செல்பேசித் திரையில் இருக்கிறது. பல்லாயிரம் பேர் கூடிய இடத்தில் அலைபேசி சிக்னல் படுத்துவிடுகிறது. க்யூஆர் குறியீடு திறக்காமல் ஒருவர் நின்றால், பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். முன்னால் என்ன நடக்கிறதென்று பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது என்று மட்டும் கேட்கிறது. அப்போது அவர் தள்ளுகிறார். அவர்மேல் கோபப்படுவதில் பொருளில்லை; அந்த இடத்தில் நின்றால் நீங்களும் நானும் தள்ளுவோம்.

கூட்ட நெரிசலில் ஆட்கள் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலான சாவுகள் அப்படி நிகழ்வதில்லை. ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேர்வரை இருந்தால் மனிதர் தம் விருப்பப்படி நகரலாம். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து. ஆறு, ஏழு என்று ஆகும்போது தனிமனிதர் என்று யாரும் இருப்பதில்லை. உடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எங்கோ கொடுத்த ஓர் உந்துதல் அலையாக வந்து இங்கே ஒருவரின் நெஞ்சை அழுத்துகிறது. நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சடைத்து இறக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடப் பல நேரம் தெரிவதில்லை.

2010 ஜூலை 24-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் ‘லவ் பரேடு’ இசை விழாவில் 21 பேர் இறந்தது இப்படித்தான். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே சுரங்கப்பாதை, ஒரே சரிவுப் பாதை. வருபவர்களும் போகிறவர்களும் நடுவில் முட்டிக்கொண்டார்கள். வழக்கு பத்தாண்டுகள் இழுத்து, 2020-ல் யாருக்கும் தண்டனையின்றி முடித்துவைக்கப்பட்டது. 2023 நவம்பரில் கொச்சிப் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில் நான்கு பேர் இறந்தார்கள்; மழைக்கு ஒதுங்க வெளியே நின்ற கூட்டம் உள்ளே பாய்ந்தது, வாசலை அடுத்துச் செங்குத்தான படிகள். 2025 ஜூன் 4-ல் பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது 11 பேர் உயிரிழந்தது மைதானத்துக்கு உள்ளே அல்ல, வாசல்களில். அதே ஆண்டு செப்டம்பர் 27-ல் கரூரில் 41 பேரை இழந்தோம். அது இசை நிகழ்ச்சியல்ல, அரசியல் கூட்டம். ஆனால், மணிக்கணக்கில் காத்திருந்த கூட்டம், குறுகிய இடம், நடுவில் நகர முடியாத வாகனம் என்று பார்த்தால் கூட்டத்தின் இயற்பியல் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தில் 2024 பிப்ரவரி 9 அன்று முற்றவெளியில் ஹரிஹரன் இசை நிகழ்ச்சியின்போது தடுப்புகளைத் தாண்டிக் கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது. நிகழ்ச்சியை இடையில் நிறுத்த நேர்ந்தது. போருக்குப் பிந்தைய ஒரு தலைமுறை, பெரிய இசை விழா ஒன்றை ஏங்கி எதிர்பார்த்து வந்திருந்தது. அந்த ஏக்கத்தின் அளவை ஏற்பாட்டாளர்கள் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். காசு கொடுத்தவருக்கு நாற்காலி, கொடுக்காதவருக்கு வெகுதூரத்தில் கம்பி என்று பிரிக்கும்போது, அந்தக் கம்பியின் வலிமை மட்டுமல்ல, பின்னால் நிற்பவருக்குத் திரையும் ஒலியும் சரியாகக் கிடைக்கின்றனவா என்பதும் பாதுகாப்புப் பிரச்சினைதான். பாட்டு நன்றாகக் கேட்கும் இடத்தில் நிற்பவர் முன்னே வர மாட்டார்.

இந்த இடத்தில்தான் சத்தம் கதைக்குள் வருகிறது.

நம் சட்டத்தில் ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. 2005 ஜூலையில் நீதிபதி ஆர்.சி.லஹோட்டி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, அமைதியாக வாழ்வதும் அரசமைப்பின் 21-வது கூறு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. கேட்க விரும்பாதவரைக் கேட்கவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

நல்ல சட்டம். ஆனால், கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய கச்சேரியில் மேடைக்கு முன்னால் சுமார் 30 மீட்டரில், ஒலிக்கலவை மேசை இருக்கும் இடத்தில், 100 டெசிபல் என்பது சாதாரணம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்று வைத்துக்கொண்டால், 60 மீட்டரில் 94, 120-ல் 88, 240-ல் 82, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டரில் 76. வரம்போ 55. ஆக, குடியிருப்புக்கு அரை கிலோமீட்டரில் நடக்கும் எந்தப் பெரிய கச்சேரியும் சட்டத்தை மீறாமல் நடக்க வழியில்லை. அனுமதி கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இது தெரியும். இருவரும் கையெழுத்திடுகிறார்கள். யாரும் அளப்பதில்லை. பிறகு யாராவது ஒருவர் புகார் கொடுக்கும்போதோ, காவல் ஆய்வாளர் ஒருவர் விதியைக் கையில் எடுக்கும்போதோ எல்லாம் ஒரேயடியாக நிற்கிறது. காகிதத்தில் கடுமையும் களத்தில் கண்டுகொள்ளாமையும் சேர்ந்த இந்த ஏற்பாடு, தூங்க முடியாமல் தவிப்பவருக்கும் உதவவில்லை, பாட்டுக் கேட்க வந்தவருக்கும் உதவவில்லை.

பிரிட்டனில் 1995-ல் வெளியான கச்சேரி ஒலிக் கட்டுப்பாட்டு நெறிமுறை வேறு வழியில் போனது. நகரத்து விளையாட்டரங்கில் ஆண்டுக்கு மூன்று நாட்கள்வரை மட்டும் நடத்தினால், அருகிலுள்ள வீட்டின் முகப்பில் 15 நிமிடச் சராசரி 75 டெசிபல்வரை அனுமதி. மற்ற திறந்தவெளி இடங்களில் அதே மூன்று நாட்கள்வரை என்றால் 65. நான்கு முதல் 12 நாட்கள் நடத்தினால், எந்த இடமானாலும் பின்னணிச் சத்தத்தைவிட 15 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. நாட்கள் கூடக்கூட வரம்பு இறுகும். ஆனால், இரவு 11 மணிக்குப் பிறகு, சன்னலைத் திறந்துவைத்திருக்கும் வீட்டுக்குள்ளும் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. எட்டக்கூடிய வரம்பு, எண்ணி வைத்த நாட்கள், மீற முடியாத நேரம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அக்கம்பக்கத்தாரிடம் நேர்மையாகப் பேச முடியும். நமக்கும் இப்படியொரு திருத்தம் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சத்தத்தைக் கூட்டுவதற்காக அல்ல. உண்மையாகவே அளந்து, உண்மையாகவே நிறுத்துவதற்காக.

நேரத்தைக் கறாராகக் கடைப்பிடிப்பதில் புகழ்பெற்றவர்களுக்கு விலக்கு கிடையாது என்பதையும் அங்கிருந்து கற்கலாம். 2012 ஜூலை 14 அன்று லண்டன் ஹைடு பூங்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடி முடித்த கையோடு, அனுமதித்த நேரம் கடந்துவிட்டதென்று மைக்கை அணைத்துவிட்டார்கள். உலகமே சிரித்தது. சுற்றிலும் குடியிருந்தவர்கள் சிரிக்கவில்லை.

அவர்களைத் துன்புறுத்துவது குறிப்பாக எது என்று அறிந்தால், பாதிப் பிரச்சினையைக் கருவிகளாலேயே தீர்க்கலாம். பாடகரின் குரலும் வயலினும் காற்றில் விரைவில் தேய்ந்துபோகும். சுவர் அவற்றைத் தடுக்கும். தூரம்வரை வருவது சப் பெட்டிகளிலிருந்து கிளம்பும் தாழ்ந்த அதிர்வு. கதவைச் சாத்தினாலும் அது நுழையும். அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகளை நடுங்கவைக்கும். இரவில் தரை குளிர்ந்து மேலே வெப்பக் காற்று இருக்கும்போது ஒலி வானத்தில் கரையாமல் வளைந்து கீழே திரும்புகிறது. மாலையில் கேட்காத வீட்டில் ஒன்பதரை மணிக்குக் கேட்பது இதனால்தான். சப் பெட்டிகளை முன்பக்கம் மட்டும் ஒலிக்கும்படி அடுக்கும் முறை இருக்கிறது. மேடையில் ஒரே மலையாக ஒலியைக் குவிக்காமல், மைதானத்தின் நடுவிலும் பின்னாலும் சிறு கோபுரங்கள் வைத்துக் குறைந்த அளவில் பகிர்ந்து தரலாம். நம் சவுண்ட் இன்ஜினீயர்களுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். வாடகைக் கணக்கு பார்க்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்தக் கோபுரங்கள்தான். வெட்டினால் என்னவாகும்? மேடைச் சத்தத்தைக் கூட்ட வேண்டும்; தொலைவில் இருப்பவர் தூக்கமிழப்பார்; பின்னால் நிற்பவருக்கோ அப்போதும் சரியாகக் கேட்காது, முன்னால் நெருக்குவார். ஒரு கோபுரத்தைச் சேமித்ததில் கூட்டமும் கெடுகிறது, அமைதியும் கெடுகிறது.

கேட்பவரின் காதையும் மறக்கக் கூடாது. இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. ரசிகர் ஓர் இரவோடு போய்விடுவார். மேடையோரம் நிற்கும் பவுன்சரும், தண்ணீர் பாட்டில் விற்கும் பெண்ணும், பணியில் நிற்கும் காவலரும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அதே சத்தத்தில் நிற்கிறார்கள். சில ரூபாய் விலையுள்ள காதடைப்பான்கூட அவர்களில் பலருக்குக் கொடுக்கப்படுவதில்லை.

“நம் ஊர்த் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கவில்லையா? ஒருநாள் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். திருவிழா இரவுகள்தான் நம்மில் பலருக்கு இசையைக் கொடுத்தன. ஆனால், ஊர்க்கூத்தில் ஊரே பார்வையாளர். வரி கொடுத்தவர், பந்தல் போட்டவர், உறவினரை அழைத்தவர் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். எந்த நாள், எத்தனை நாள் என்பது காப்புக் கட்டும்போதே எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் விற்கும் நிறுவனத்துக்கும் பனையூரில் குடியிருப்பவருக்கும் அப்படி எந்த உறவும் இல்லை. அவர் அழைக்கப்படவில்லை, கேட்கப்படவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர் அந்த வீட்டில் இருக்கக்கூடும், தேர்வு எழுதப்போகிற பிள்ளை இருக்கக்கூடும். அந்த உறவை உண்டாக்குவது ஏற்பாட்டாளரின் வேலை. ஒரு வாரம் முன்பே தெருத்தெருவாகத் துண்டறிக்கை, எப்போது ஒலிச்சோதனை, எப்போது தொடக்கம், எப்போது முடிவு என்ற விவரம், புகார் சொன்னால் உண்மையிலேயே எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண். மேடை பிரிப்பதும் இதில் சேரும். கச்சேரி பத்துக்கு முடிந்தாலும் இரவு இரண்டு மணிக்கு இரும்புச் சட்டங்களை லாரியில் எறியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தெருவுக்குக் கச்சேரி இன்னும் முடியவில்லை என்றுதான் பொருள். விடிந்த பிறகு பிரிக்கட்டும்.

இனி, முடிவுக்கு வருகிறேன். அதாவது நிகழ்ச்சியின் முடிவுக்கு. அதுதான் திட்டத்தில் மிகவும் அலட்சியமாக விடப்படும் பகுதி. சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர்வரை வெளியேறலாம் என்கிறது நான் முன்பு சொன்ன கையேடு. 3 மீட்டர் அகலத்தில் நான்கு வாசல்கள் திறந்திருந்தால் 20,000 பேர் சுமார் 20 நிமிடத்தில் வெளியேறுவார்கள். ஒன்றை மட்டும் திறந்துவைத்தால் 1 மணி 20 நிமிடம். இது மைதானத்தின் கணக்கு மட்டுமே. காருக்கு நான்கு பேர் என்றால் 5,000 கார்கள். ஒரே வழியில் ஐந்து விநாடிக்கு ஒரு கார் என்று சீராக வெளியேறினாலும் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், குறுக்கே போக விரல்விட்டு எண்ணக்கூடிய பாலங்கள் என்று அமைந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்தக் கணக்கை எந்தக் காவல் அதிகாரியாலும் வெல்ல முடியாது. பனையூருக்குப் பிறகு அதிகாரிகளை இடம் மாற்றினோம். இடத்தைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டத்தின் டிக்கெட்டையே மெட்ரோ பயணத்துக்கும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு செய்தார்கள்; பெருங்கூட்டம் கலைந்து போனது. ரயிலும் மெட்ரோவும் எட்டாத இடத்தில் இருபதாயிரம் பேருக்கு அனுமதி கொடுப்பதென்றால், பேருந்து ஏற்பாட்டை ஏற்பாட்டாளர் காட்டிய பிறகே டிக்கெட் விற்பனையைத் தொடங்க விட வேண்டும்.

பத்து மணிக்கு நிறுத்து என்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், பத்து மணி என்பது கடைசிப் பாட்டின் நேரமாக இருக்கக் கூடாது. பெரிய பாடகரின் பகுதி ஒன்பதரைக்குள் முடியட்டும். பிறகு விளக்குகளைப் போடுங்கள், சத்தத்தைப் படிப்படியாகக் குறையுங்கள், ஒலிபெருக்கி அணைந்த பின்னும் சாப்பாட்டுக் கடைகளைப் பதினொன்றுவரை திறந்துவையுங்கள். அவசரமில்லாதவர் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவார். அவசரமுள்ளவருக்கு வழி கிடைக்கும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் 2005-ல் ஊராரின் தூக்கத்தைக் கெடுக்காமல் ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்து ஆடவிட்டார்கள். அதுவும் ஒரு வழி. நிகழ்ச்சி ஒன்பதரைக்கு முடிய வேண்டுமென்றால் ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும். ஆறுக்குத் தொடங்க, மூன்று மணிக்கே வாசல்கள் திறக்க வேண்டும். வெயிலில் நிற்பவர்களுக்கு நிழலும் இலவசத் தண்ணீரும் வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினா விமானப் படைச் சாகசத்தைக் காண லட்சக்கணக்கில் வந்தவர்களில் ஐந்து பேரை வெயில் மயக்கத்திலும் நெருக்கடியிலும் இழந்தோமே, அந்த நினைவு இன்னும் ஆறவில்லை.

கடைசியாக, நிறுத்தும் அதிகாரம். 2021 நவம்பர் 5-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ‘ஆஸ்ட்ரோவேர்ல்டு’ விழாவில் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது வயதுச் சிறுவனும் உண்டு. பலர் பாதிக்கப்பட்ட விபத்து என்று அதிகாரிகள் அறிவித்த பிறகும் அரைமணி நேரத்துக்கு மேல் பாட்டு ஓடியது. டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் 2000-ம் ஆண்டு ஒன்பது இளைஞர்கள் மேடைக்கு முன்னால் மூச்சடைத்து இறந்தார்கள். அதன் பிறகு மேடையின் முன்பகுதியைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்து, எண்ணி ஆள் அனுப்பும் முறையை அந்த விழா கொண்டுவந்தது. நம் அனுமதி ஆணைகளில் “தக்க பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்பட வேண்டும்” என்ற வரி இருக்கிறது. யார் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், எந்த நெருக்கத்தில் இசையை நிறுத்தச் சொல்வார், பாடகரின் காதில் இருக்கும் கருவிக்கு அந்தச் சொல் எத்தனை விநாடியில் போய்ச்சேரும் என்று எழுதியிருப்பதில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-லேயே கூட்ட மேலாண்மைக்கு விரிவான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதிலிருந்து ஒரு தாளையாவது அனுமதி ஆணையோடு இணைத்து, பொறுப்பாளரின் பெயரை எழுதி, அவருக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தால் போதும். டிக்கெட் விற்றவரிடம் சம்பளம் வாங்குபவராக அவர் இருக்கக் கூடாது.

கூடவே, ஏற்பாட்டாளரிடம் கணிசமான வைப்புத் தொகை வாங்கட்டும். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு டிக்கெட் விற்றாலும், குறித்த நேரத்தை ஐந்து நிமிடம் தாண்டினாலும் அதிலிருந்து பிடித்து, வாசலில் திருப்பியனுப்பப்பட்டவருக்கும் அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கும் பகிர்ந்து கொடுக்கட்டும். எத்தனை டிக்கெட் விற்றது, எத்தனை பேர் நுழைந்தார்கள், எந்த வீட்டு முகப்பில் எத்தனை டெசிபல் பதிவானது என்ற மூன்று எண்களையும் நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் மாநகராட்சியின் இணையதளத்தில் வெளியிடட்டும். அடுத்த முறை அதே நிறுவனம் அனுமதி கேட்டு வரும்போது, காவல் ஆணையரின் மேசையில் முதலில் இருக்க வேண்டியது அந்தத் தாள்.